மெதுவாகச் சுற்றும் நட்சத்திரமும் சேவியரும்

12 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கடையிலிருந்து தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு பேரிங் இரண்டு பெட்டி அனுப்பியாச்சு. ஷட்டர் ரிப்பேர்க்காரன் இன்றும் வரவில்லை.

மாலை பீச் ரோடு. இத்தனை வருஷமாக நானும் சேவியரும் மட்டும்தான் நடப்போம். இன்று அவன் பக்கத்தில் மதிவாணன். விண்வெளி ஆராய்ச்சியில் ரிட்டயராகி, போன மாதம் முத்தியால்பேட்டைக்குக் குடிவந்த ஆள். சேவியரோ பழைய பிசிக்ஸ் வாத்தியார். கேட்கணுமா? ஒரே நியூட்ரான் நட்சத்திரம். அகலம் நம் டவுன் அளவுதானாம், எடை சூரியனைவிட அதிகமாம். நொடிக்குப் பல சுற்று சுற்ற வேண்டியது, சிலது ஒரு சுற்றுக்கே மணிக்கணக்கு எடுக்கிறதாம்.

"கிரீஸ் காஞ்சிருக்கும்" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இவன் எங்க போனாலும் கடையிலயேதான் இருப்பான்."

எனக்காக அவரிடம் சேவியர் மன்னிப்புக் கேட்கிறான்! சிரித்து வைத்தேன்.

13, புதன்

வெயில். நடக்கப் போகவில்லை. சரக்கு வருகிறது என்று சேவியருக்கு மெசேஜ். பொய். "சரி" என்று பதில். அவ்வளவுதான்.

யூடியூபில் அதே நட்சத்திரம். பக்கத்தில் பெரிய நட்சத்திரம் ஒன்று. அதன் காற்று இதன்மேல் விழுந்துதான் எக்ஸ்ரே வருகிறதாம். அந்தக் காற்றே இதன் காந்தத்தைப் பிடித்து பிரேக்கும் போடுகிறதாம். இதைச் சொல்ல மதிவாணனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க!

வீட்டுக்காரி மேரி: "இன்னா, சேவியர் அண்ணன்கூட சண்டையா?"

"வாக்கிங் போவலன்னா சண்டையா?"

"மூஞ்சியே சொல்லுதே."

15, வெள்ளி

மழை விட்டது. பீச் ரோட்டில் தூரத்திலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் ஆமை நடை. பத்தடிக்கு ஒருதரம் நின்று பேச்சு. என்னோடு அவன் இப்படி நின்றதே இல்லை. நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"யோவ் சேவியரு, நான் வேணாமா உனக்கு?"

"நீ எங்கய்யா நடக்கற, ஓடற. உன் பின்னால மூச்சு வாங்கிக்கினு வரணும். ஹார்ட்டு டாக்டரு மெதுவா நடன்னு சொல்லி ரெண்டு மாசமாச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னேன். நீ நாலடி முன்னால போயிக்கினு இருந்த."

மதிவாணன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உள்ளதைச் சொன்னால், அவன் ஹார்ட்டைவிட இதுதான் உறுத்துகிறது.

16, சனி

மேகமூட்டம். கடையை மேரியிடம் விட்டுவிட்டு சேவியர் வீட்டுக்கு. என்னென்ன மாத்திரை, எந்த வேளைக்கு, எல்லாம் கேட்டுக்கொண்டேன். மதிவாணனுக்கு அந்த விவரம் தெரியாதாம். அதையும் கேட்டேன்.

மாலை நடை. கால் சொன்னபடி கேட்கவில்லை, தானாக முன்னால் போகிறது. சேவியரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். மதிவாணனும் வந்தார். நட்சத்திரம் பேசினார். பேசட்டும். நடுவில் நடந்தது நான்.