ஸ்கேனுக்கு முன் ஒரு கேள்வி

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம், அதற்கு இப்போது ஸ்கேன் படமே சாட்சி. பயப்படாதே.

நான் கூட்டிப் பெருக்கும் கல்லூரியில், ஸ்கேன் படிக்கிற பிள்ளைகள் பரீட்சைக்கு முன் பழகிப்பார்க்க ஒரு வயிறு தேவைப்பட்டது. என் தொப்பையைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் முதல் தடவையிலேயே பாஸான ஒரே தேர்வு இதுதான்.

படுத்ததும் ஒரு மாணவி, "சாப்பிட்டீங்களா ஐயா?" என்றாள். இப்படி நேரில் ஒருவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! "ஆச்சும்மா, நீ சாப்பிட்டியா?" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடுமாம், படத்தில் சரியாகத் தெரியாதாம்.

"அப்போ நாளைக்கு வாங்க."

"இல்லம்மா, சும்மா சொன்னேன். ஒண்ணும் சாப்பிடல."

பிறகு அவர்கள் டீச்சரிடம், நம் மகளை ஆறு மாத ஸ்கேன் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "ஆறு மாசக் கோர்ஸா? வேண்டாங்க. ரெண்டு வருஷம் படிச்சு, ஆஸ்பத்திரியில கை பழகி, பரீட்சை எழுதி சான்றிதழ் வாங்கட்டும். அப்பத்தான் நம்பி மிஷினைக் கையில குடுப்பாங்க" என்றார்.

அதனால் உன் தம்பி பேச்சைக் கேட்டு ஆறு மாதக் கோர்ஸில் சேர்த்துவிடாதே. பாப்பா ஆறு மாதத்தில் சம்பாதிக்கத் தொடங்கிவிடுவாள் என்று நம்பி, சீக்கிரம் ஊர் திரும்பலாமென்று பெட்டியைத் துடைத்து வைத்திருந்தேன். மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவள் படித்து முடிக்கட்டும்.

இனி போனில் "சாப்பிட்டீங்களா" என்று நீ கேட்காதே. உன்னிடமும் வாய் தானாக "ஆச்சு" என்றுவிடுகிறது. பாப்பாவைக் கேட்கச் சொல். அவளுக்கும் தொழில் பழகும்.

மணி அடித்துவிட்டது, துடைப்பம் கூப்பிடுகிறது.

உன் தொப்பைக்காரர்