திருப்பி வைத்த தட்டு

பாடாலூர்,
திங்கட்கிழமை.

மாமாவுக்கு அனுசுயா எழுதுவது.

நானும் நம் மகள் மஞ்சுவும் ஏதோ இருக்கிறோம். மேகம் போட்டால் எனக்கு இடது கை இன்னும் வலிக்கிறது. ஓமனில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள். கடிதம் என்றால் முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும். மஞ்சு இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள்.

போன வாரம் நான் காட்டு வேலைக்குப் போயிருந்தபோது பக்கத்துக் காட்டு வேணுகோபால் வீட்டார் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பட்டுச் சேலை. கிழிந்த சேலைக்குப் பதில் சேலையாம். உங்கள் அண்ணன் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, வழக்கு இதோடு முடிந்தது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அடி வாங்கியது யார், தட்டு வாங்கியது யார்? நம் வெங்காயப் பாத்தியில் டிராக்டரை ஏன் விடுகிறாய் என்று கேட்டதற்கு, நாலு பேர் பார்க்க என் சேலையைப் பிடித்து இழுத்து, கையை முறுக்கி உடைத்தவன் அவன். தட்டோடுகூட அவன் வரவில்லை, அவன் அம்மாவை அனுப்பியிருக்கிறான்.

அன்று சாயங்காலமே அந்தத் தட்டை, ஒரு பழம் குறையாமல், தெருவோடு தூக்கிப் போய் அவர்கள் வாசலில் வைத்தேன். ஏம்மா இப்படி அவமானப்படுத்துற என்று அவன் அம்மா கேட்டார். கிழிஞ்சது சேல மட்டும்னா ஊசி நூலு போதுங்க, நானே தச்சுக்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் உள்ளுக்குள் பயம்தான். மறுநாள் பஸ் ஏறிப் பெரம்பலூர் கோர்ட்டில் இருக்கிற இலவச சட்ட உதவி ஆபீசுக்குப் போனேன். சுமதி என்று ஒரு வக்கீலம்மா. தட்டு வாங்கியதால் வழக்கு போய்விடுமா என்று கேட்டேன். பாதிக்கப்பட்டவர்னு இருக்கிறது உங்க பேரும்மா, உங்க வூட்டுக்காரர் பேரும் இல்ல, அவரு அண்ணன் பேரும் இல்ல என்றார். யாராவது மிரட்டினால் பாதுகாப்புக் கேட்டு மனுப் போடலாமாம். நான் சாட்சி சொல்லும் நாளில் வக்கீலம்மாவும் கூட வருவார். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்த அன்றைக்கே என் கையில் இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டுமாம். ஒரு வருஷமாக நான் கேட்கவே இல்லை, மக்கு. இப்போது வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன்.

விட்டுத்தொலை, ஊரில் தலைகாட்ட வேண்டாமா என்று நீங்களும் சொன்னீர்கள். கை உடைந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. தலை குனிய வேண்டியவன் அவன். நான் தினமும் அவன் காட்டு வழியாகத்தான் போய் வருகிறேன். வெங்காயம் இந்த முறை நன்றாக வந்திருக்கிறது, விலை வரும்வரை கெடாமலிருக்கக் காட்டிலேயே பட்டறை போட்டு மூடியாயிற்று.

போன லீவில் நீங்கள் எடுத்துத் தந்த அந்த நீலச் சேலை கிழிந்தபடியே கோர்ட்டில் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை நான் சாட்சி சொல்லும்போது அதைக் காட்டி, இது உன்னுடையதா என்று கேட்பார்களாம். என்னுடையதுதான், இழுத்தவன் இவன்தான் என்று சொல்வேன். நீங்கள் சரி என்றாலும் சொல்வேன், வேண்டாம் என்றாலும் சொல்வேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வியாழன் காலையில் எட்டு மணி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள். நியாயம் எதுவும் பேச வேண்டாம். போயிட்டு வா அனு என்று ஒரு வார்த்தை, அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அனுசுயா