வெள்ளத்து நான்கு நாள்

அத்தானுக்கு,

விவாகரத்துக்கு வக்கீலம்மா இரண்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்று, உங்கள் மேல் நான் போடும் வழக்கு. அதில் நீங்கள் கை ஓங்கியதை எழுத வேண்டும், கோர்ட்டில் எல்லார் முன்னாலும் சொல்லவும் வேண்டும். நடந்ததுதான். ஆனாலும் என் வாயால் வராது.

மற்றது, இருவரும் சம்மதித்துப் பிரிவது. “ஏளா, இதுதான் லேசு. கையெழுத்தப் போட்டுட்டு வா” என்று அண்ணன் அவசரப்படுத்துகிறான்.

அதில் ஒரு வரி இருக்கிறது: ‘ஓராண்டுக்கு மேலாகக் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழவில்லை.’

நீங்கள் வீட்டைவிட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது, சரி. நடுவில் மார்கழி வெள்ளம் வந்ததே! நீங்கள் தங்கியிருந்த ஹார்பர் பக்கத்திலிருந்து இடுப்பளவு தண்ணீரில், பால் பாக்கெட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தீர்கள். கரண்டு இல்லாத இந்த மாடியில் நான்கு நாள் இருந்தோம். அண்ணனுக்குக்கூட அதை நான் சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்ததும் “வாரேன்ளா” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வரவில்லை.

சம்மத மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த நான்கு நாளும் இல்லை என்று முதலில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். பார்த்துவிட்டு நான் போடுகிறேன்.

அதே மாடியிலிருந்து,
நான்.