சீர்த் தேங்காய் வழக்கு

6 மார்ச் 2024

காலையில் பால் சொசைட்டியில் வழக்கம்போல வரிசை. வெயில் ஏறியதும் பால் குறைந்துவிட்டது, பேச்சு மட்டும் குறையவில்லை. மத்தியானம் சித்தூருக்குப் போய்ச் சோனா வக்கீலைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். என்னைச் சேச்சி என்கிறாள். தமிழ் பாதி, மலையாளம் பாதி.

கேஸ் இதுதான்: கொழிஞ்சாம்பாறையில் அப்பாவின் தென்னந்தோப்பு. அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். பாதியைப் பிரித்துத் தரச் சொல்லி ஈஸ்வரன் அண்ணனிடம் எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு நகை போட்டதோடு உன் கணக்கு தீர்ந்தது என்கிறார். அண்ணன் போட்ட நகை என் புருஷன் உயிரோடு இருந்தபோதே அவர் வைத்தியத்துக்குப் போயாயிற்று. இப்போது வாடகை வீட்டையும் காலி செய்யச் சொல்கிறார்கள். தோப்பின் ஓரமாக ஒரு சின்ன வீடு போதும் எனக்கு.

13 மார்ச்

மலையாளத்தில் வழக்கு மனுவுக்கு அன்யாயம் என்று பேர். பொருத்தமான பேர்தான்.

21 மார்ச்

சோனா மனுவைப் படித்துக் காட்டினாள். அண்ணனும் தங்கையும் தோப்பைக் கூட்டாக அனுபவித்து வருகிறார்கள் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோப்புக்குள் நான் கால் வைத்தே வருஷங்கள் ஆகின்றன. கேட்டில் பூட்டு. போன தடவை அண்ணி நர்மதா என்னை ரோட்டிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினாள். அதை எழுது என்றேன்.

சோனா பேனாவை மூடி வைத்துவிட்டாள். கூட்டாக அனுபவிக்கிறோம் என்று சொன்னால் கோர்ட்டுக் கட்டணம் சின்னது. வெளியே தள்ளிவிட்டார்கள் என்று சொன்னால், என் பங்கு சந்தையில் என்ன விலை போகுமோ அதற்குத் தக்கபடி கட்டணம். மெயின் ரோட்டை ஒட்டிய தோப்பு. அவ்வளவு பணம் இருந்தால் வாடகை வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம் என்று ஏன் கெஞ்சுகிறேன்? தள்ளிவிட்டதைச் சொல்வதற்கும் நான்தான் காசு கட்ட வேண்டுமாம்.

தோப்பிலிருந்து ஏதாவது வருகிறதா என்று கேட்டாள். யோசித்தேன். பொங்கலுக்குப் பொங்கல் சீர் வரும். தேங்காய், வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு சேலை. அண்ணன்தான் வண்டியில் கொண்டுவருவார். என்ன சண்டை என்றாலும் அது மட்டும் நின்றதில்லை.

"அது மதி, அது போதும் சேச்சி. ஆதாயத்துல உங்க பங்கு அது," என்றாள்.

பங்கு இல்லை, சீர் என்றேன்.

"கோர்ட்டுல சீர்னு ஒண்ணு இல்ல சேச்சி."

கையெழுத்துப் போட்டேன்.

2 ஜூலை

அண்ணன் பதில் போட்டுவிட்டார். தேங்காய் பங்கு அல்ல, தங்கை மேல் உள்ள பாசத்தால் தந்த சீர். தோப்பில் அவளுக்கு எந்த அனுபவமும் கிடையாது. சந்தை விலைக்கு முழுக் கட்டணம் கட்டட்டும், கட்டாவிட்டால் மனுவைத் தள்ளுங்கள்.

என்னால் கட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். பாசத்தைக் காட்டி என்னைத் துரத்துகிறார் — நானோ துரத்தினதை மறைத்து உள்ளே போகப் பார்க்கிறேன். இதில் அவர் சொல்வதுதான் உண்மை. அதுதான் பொறுக்கவில்லை.

9 ஆகஸ்ட்

வாய்தா.

18 செப்டம்பர்

மறுபடி வாய்தா. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைய லாபம் அவ்வளவுதான்.

14 ஜனவரி 2025

பொங்கல் சீரோடு அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டார். எல்லாவற்றையும் அவரே இறக்கி வைத்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"கேஸு கேஸா இருக்கட்டும் அம்மிணி. அதுக்காகச் சீர உட முடியுமா?"

வக்கீல் சொல்லி வந்தாரா, மனசு சொல்லி வந்தாரா? ச்சே, இப்படியெல்லாம் நினைக்க வைத்துவிட்டதே இந்தப் பாழாப்போன கேஸு. சேலை நல்ல நீலம். அவருக்கு எப்போதும் நீலம்தான் தெரியும்.

17 ஜனவரி

சோனாவிடம் சொன்னேன். ரொம்ப நல்லது, இந்த வருஷமும் பங்கு வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டாள்.

11 மார்ச்

இன்று கூண்டில் ஏறினேன். கட்டணம் எது என்று முதலில் முடிவானால்தான் மேற்கொண்டு கேஸ் நகருமாம். அண்ணனின் வக்கீல், பொங்கலுக்கு வந்ததில் சேலை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். தோப்பில் சேலை காய்க்குமா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சேலை சீருங்க. தேங்கா பங்குங்க," என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத்தன வருசமும் பங்கா அம்மிணி அது?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

3 ஏப்ரல்

உத்தரவு வந்துவிட்டது. சின்னக் கட்டணமே போதுமாம். சோனா லட்டு வாங்கித் தந்தாள். இனிமேல்தான் உள்ளபடியே கேஸ் ஆரம்பம் என்றும் சொன்னாள். லட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மறந்துபோய், எறும்பு மொய்த்துவிட்டது.

20 நவம்பர்

நல்லேப்பிள்ளியில் வேறு வாடகை வீடு. சாமான் ஏற்றி இறக்கி இடுப்பு போயிற்று. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது வரும் என்கிறார்கள்.

15 ஜனவரி 2026

காலையிலிருந்து வாசலைப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். மத்தியானத்துக்கு மேல் ஒரு டெம்போ வந்தது. அண்ணன் இல்லை. தோப்பில் வேலை பார்க்கும் செல்லத்துரை மட்டும். மூட்டை மூட்டையாகத் தேங்காய் இறக்கினார். எந்தப் பொங்கலுக்கும் இவ்வளவு வந்ததில்லை. வெல்லம் இல்லை, மஞ்சள் கொத்து இல்லை, சேலை இல்லை. ஒரு காகிதம் நீட்டினார். தோப்பு வருமானத்தில் என் தங்கையின் பாதிப் பங்கு என்று எழுதி அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். பெற்றுக்கொண்டேன் என்று நான் போட வேண்டும்.

அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"பங்குக்காரங்களுக்கு எண்ணித்தானுங்க குடுக்கோணும்னாரு. வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க."

கையெழுத்துப் போட்டேன். சோனாவுக்குப் போன் செய்தேன். எதிராளியே பாதி உங்களுடையது என்று எழுதித் தந்துவிட்டார், இனி கேஸே இல்லை, வீட்டுக்கு எங்கே அஸ்திவாரம் போடலாம் என்று பாருங்கள் என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

வியாபாரிக்குச் சொல்லியனுப்பி எல்லா மூட்டையையும் ஏற்றிவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் சாமிக்கு உடைக்கத் தேங்காய் இல்லை என்பது தெரிந்தது. கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்தேன்.