கண்ணை மூடிக்கொண்டு பார்த்த பேய்ப்படம்

மதினி,

உங்கள் ஊதா வாயில் சேலை கொடியில் காய்கிறது. துவைத்துப் போட்டும் பாச்சை உருண்டை வாசம் போகவில்லை. முந்தாநாள் உங்கள் மகள் மகேசு டிரங்குப் பெட்டியைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

"அத்தே, இத எனக்குக் கட்டிவிடுங்க. டவுன்ல பேய்ப்படம் ஓடுது. பெரியவுகளுக்கு மட்டும்னு போட்டிருக்காக. சேலை கட்டுனா விட்ருவாகல்ல?"

பதினாலு வயது. உங்களைப் போலவே குட்டை, உங்களைப் போலவே வாய். அண்ணனிடம் கேட்டாளாம். "அத்தையக் கேளு" என்று சொல்லிவிட்டு அவர் உரக்கடைக்குக் கிளம்பிவிட்டார். லீவுக்குப் பிறந்த வீடு வந்த என்னிடம், நீங்கள் சொல்ல வேண்டிய பதில் வந்து நின்றது. நீங்கள் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. பிள்ளை ஏற்கெனவே பாதித் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறாள். இதில் பேய்ப்படம் வேறா என்று எனக்குக் கை ஓடவில்லை.

அந்தச் சேலையின் கதையை நீங்களே அவளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். அப்போது எனக்குப் பதினைந்து. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து ஆறு மாதம். அருப்புக்கோட்டையில் வாரம் ஒரு படம் பார்த்து வளர்ந்தவருக்கு எங்கள் பரளச்சிக் கிராமம் எப்படி இருந்திருக்கும்! பேய்ப்படம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

முதலில் டவுனில் இருந்த உங்கள் தங்கையிடம் விசாரித்தீர்கள். "பேய் மட்டும்னா சரி. வேற அசிங்கம் இருந்தா கெடையாது." பேய் மட்டும்தான் என்று பதில் வந்தது. அடுத்து என்னை உட்காரவைத்துக் கேட்டீர்கள்.

"ஒனக்கு எதுக்குப் பயம்?"

"எனக்கு எதுக்கும் பயமில்ல மதினி."

"அப்ப நீ வர வேணாம். பயமில்லங்கிறவ படத்தப் பாத்துட்டு, யார்ட்டயும் சொல்லாம உள்ளயே வச்சு, காய்ச்சல்ல படுப்பா. ஒங்கம்மாட்ட யாரு பேச்சு வாங்குறது?"

மூன்று நாள் வீம்பாக இருந்தேன். நாலாம் நாள் பருத்தி எடுக்கும்போது என் வீம்பு கழன்றது. "கெணத்து மோட்டார் ரூமுக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு மதினி" என்றேன். மடியில் இருந்த பருத்தி கொட்ட நீங்கள் நிமிர்ந்து நின்றீர்கள். "இப்பத்தாத்தா நீ வளந்திருக்க. வெள்ளிக்கிழம போவோம்."

அம்மாவிடம் வளையல் வாங்கப் போவதாகச் சொன்னோம். நீங்கள் நிஜமாகவே இரண்டு டஜன் வாங்கித் தந்து அந்தப் பொய்யைப் பாதி உண்மையாக்கிவிட்டீர்கள். உங்கள் தங்கை வீட்டில் வைத்து எனக்கு இந்தச் சேலையைக் கட்டி எட்டு ஊக்குக் குத்தினீர்கள். எட்டும் எனக்கு வலித்தது, சந்தோஷத்தில் சொல்லவில்லை.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் நெட்டையாக நின்ற என்னை ஒரு பார்வை பார்த்து உள்ளே விட்டார். கையை நீட்டி மறித்தது உங்களை! "பாப்பா, ஒனக்கு எத்தன வயசு? இது பெரியவுக படம்." நீங்கள் தாலியை வெளியே இழுத்துக் காட்டினீர்கள். "பின்ன இதென்ன, அரணாக்கயிறா?" வரிசையே சிரித்தது. நான் ரொம்பப் பெரிய தோரணையில், "அவுக என் கூட வந்தவுக. விடுங்க" என்றேன்.

படத்தில் முதல் கதவு கிறீச்சிட்டதும் முந்தானையால் முகத்தை மூடியவர்தான் நீங்கள். முழங்கையால் என் விலாவில் இடித்து இடித்துக் கேட்டீர்கள். "போயிருச்சா? ஏத்தா, போயிருச்சா?" நான் திரையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "இன்னும் போகல மதினி. தலைய விரிச்சுப் போட்டு நிக்குது." உங்களுக்குச் சொல்ல வேண்டுமே என்கிற மும்முரத்தில் பயப்படவே எனக்கு நேரமில்லை. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவுக்குப் படம் முழுவதையும் நீங்களே விவரித்தீர்கள், கண் கொட்டாமல் பார்த்தவர் மாதிரி! உங்களை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் நேசித்ததில்லை.

மகேசுக்கு வாசல் கூத்து தெரியும். "ஒனக்கு எதுக்குப் பயம்?" என்று என்னைக் கேட்டதை மட்டும் நீங்கள் அவளிடம் சொன்னதில்லை. முந்தாநாள் அதையே நான் அவளிடம் கேட்டேன். உங்கள் தங்கையிடமே இந்தப் படத்தையும் விசாரித்த பிறகுதான் கேட்டேன். சேலையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா பேசுறது மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு அத்தே. மொகம் போட்டோல இருக்கு. கொரலு எதுலயும் இல்ல."

நான் அழுதுவிட்டேன், மதினி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் போவோம்" என்றேன்.

நேற்று மேட்னி ஷோ. வாசலில் நின்றவர் உங்கள் சேலை கட்டி வந்த அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தடுக்கவில்லையே என்று அவளுக்கு ஒரே ஏமாற்றம். விளக்கு அணைந்தது. கதவு கிறீச்சிட்டது. என்ன தோன்றியதோ, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அவள் விலாவில் இடித்தேன்.

"போயிருச்சா? ஏத்தா, போயிருச்சா?"

உங்கள் இழுவை, உங்கள் அவசரம், எல்லாம் அப்படியே என் வாயிலிருந்து வந்தது. அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

"அம்மா! அப்படியே அம்மா! இன்னொரு தடவ கேளுங்க அத்தே."

கேட்டேன். இடைவேளை வரைக்கும் கேட்டேன், அதற்குப் பிறகும் கேட்டேன். அவள் திரையைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் பேய் எப்படி இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது, மதினி.