மூன்று நாளில் விடுவிப்பு

பிப்ரவரி 4

ஆண்டறிக்கை வேலை தொடங்கிவிட்டது. வரி, சுங்கத் துறை எப்படி வேலை பார்த்தது என்று நாங்களே எங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும் புண்ணிய காரியம். 'இறக்குமதிச் சரக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மூன்று நாளில் விடுவிப்பு' என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். அவளுடைய சலவைக் கடையின் பெரிய இயந்திரத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மோட்டார் துறைமுகத்தில் முடங்கிக் கிடக்கிறது. இரண்டு மாதமாகக் கடை ஓடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அந்த எண்ணை அவளிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அதுல நான் எங்கடி இருக்கேன்?"

மிச்சம் நாலில் இருப்பாய் என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 6

அவள் அந்த நாலிலும் இல்லை! தாமதமே ஆகாத சரக்கு என்றல்லவா இருக்கிறது?

துறைமுகத்து ஆட்களைக் கேட்டேன். இறக்குமதி செய்தவரிடம் ஒரு கேள்வி கேட்டால் நாள் எண்ணுவது நின்றுவிடும். பதில் வந்ததும் மறுபடி முதல் நாள். அதனால் மூன்றாம் நாள் சாயங்காலம் தவறாமல் ஒரு கேள்வி போகிறது. மோட்டாரின் எடை என்ன? பதில் வந்தது. எங்கே செய்தது? வந்தது. பெட்டி மரமா, அட்டையா? அதற்கும் எழுதியிருக்கிறாள், பாவி.

எங்கள் கணக்கில் அவளுக்கு இன்று இரண்டாம் நாள்.

பிப்ரவரி 7

அக்கா கடையில் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டாளாம். எதிலும் மனம் ஒட்டவில்லை.

பிப்ரவரி 11

இயக்குநரிடம் போனேன். சரக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணினால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு இல்லை, அறுபத்தொன்றுதான் வருகிறது என்றேன்.

"பொய் எழுதலையேம்மா. விதிப்படிதானே எண்ணியிருக்கோம்?"

"எண்ணிக்கையை நிறுத்தத்தான் சார் கேள்வியே கேக்கறாங்க."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுல உனக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றேன். வெளியே வந்ததிலிருந்து அதே பொருமல். அக்காவுக்காகத்தான் கேட்டேனா? ஆமா, கேட்டேன்! அதுக்காக அறுபத்தொண்ணு பொய்யாயிடுமா? என்ன பேச்சு இது —

பிப்ரவரி 19

நம்பவே முடியவில்லை. அறுபத்தொன்றே அச்சாகிறது. "வாங்கிக் கட்டிக்கப் போறது நான்தான்" என்று முனகிக்கொண்டே இயக்குநர் கையெழுத்துப் போட்டார். மார்ச் முதல் புதுக் கணக்கு: சரக்கு இறங்கிய நாள் தொடங்கி கோப்பு முடியும்வரை. நடுவில் நிறுத்தம் கிடையாது.

அக்காவுக்குச் சொன்னேன். "இவ்வளவு நாள்ல இப்பதான்டி உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்க." வீட்டுக்கு நடந்தே வந்தேன். அத்தனை சந்தோஷம்.

மார்ச் 31

மாத அறிக்கை. தொண்ணூற்றெட்டு. இயக்குநர் என் மேசைக்கே வந்து பாராட்டினார்.

எனக்கு உறுத்தியது. ஒரே மாதத்தில் எப்படி? துறைமுகத்துக்குப் போன் செய்தேன். கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்களாம். தாளில் சின்னக் குறை இருந்தாலும் 'ஏற்க இயலாது' என்று முத்திரை குத்திச் சரக்கையே வந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்பிவிட்டால் கோப்பு முடிந்தது.

"நீங்கதானே மேடம் சீக்கிரம் முடிக்கச் சொன்னீங்க?"

அக்காவின் மோட்டார் போன வாரமே கப்பலேறிவிட்டது. என்னத்தைச் சொல்ல? அவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

ஏப்ரல் 2

நான் கடைக்குப் போவதற்குள் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பழைய இரும்பு எடுப்பவர் இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மீண்டும் வரவழைக்க அவளிடம் தெம்பு இல்லை.

திட்டு அக்கா என்றேன்.

"உன்னை எதுக்குடி திட்டணும்? நீ நல்லதுதானே நினைச்ச." இயந்திரத்தின் வட்டக் கதவை ஒரு பக்கம் தூக்கினாள். "நின்னு அழுவாத. அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். இருவருமாக அதை வண்டியில் ஏற்றினோம்.