எதிர்வீட்டு ஷைலா சொன்னது

மட்டாஞ்சேரி, செவ்வாய் இரவு

நஸீமா, இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதே. மகள் இப்போதுதான் தூங்கினாள்.

நான் கவுன்சலிங் படித்தவள் என்பதால் என்னை நம்பி, எதிர்வீட்டு ஷைலா இன்று கைக்குழந்தையோடு வந்தாள். "சேச்சி, சில நேரம் இவனைக் கண்டாலே வெறுப்பா இருக்கு" என்றாள். "சீ, பெத்தவ பேசுற பேச்சா இது?" என்று கேட்டுவிட்டேன். உடனே சிரித்துக்கொண்டு, "சும்மா பறஞ்சேன் சேச்சி" என்று எழுந்து போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

விடுதியில் ஒருநாள், அப்பா செத்தால்தான் எனக்கு நிம்மதி என்று உன்னிடம் சொன்னேனே. நீ துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. "ம், அப்புறம்?" என்றாய். அன்றுதான் என்னால் அழ முடிந்தது.

காலையில் ஷைலா வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறந்ததும் என்ன சொல்லட்டும்? இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன். எழுந்ததும் பதில் போடு.